லூர்து போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

பிரான்ஸின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் லூர்து சின்ன ஊர்தான். குடியிருப்பவர்கள் 14,000 பேருக்குள். 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை, 14 வயது பெர்னதெத் சுபிருவுக்கு மாதா 18 முறை காட்சி தந்த மசபியேல் கெபி (பாறைக் குகை) இந்த ஊரில்தான் இருக்கிறது. பாரிஸைத் தவிர்த்தால் பிரான்ஸிலேயே விடுதிகள் அதிகமுள்ள ஊரும் இதுதான். லூர்துப் பயணம் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஐயா, ஐரோப்பா சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருக்கிறோம். பத்து நாள் பயணத்தில் லூர்துக்கு ஒரு பிற்பகல் ஒதுக்கியிருக்கிறார்கள். அது போதுமா? எந்த மாதம் போவது நல்லது?
— வாசகி, வில்லியனூர்

போதாது. ஒரு இரவாவது தங்குவதாக இருந்தால் மட்டும் போங்கள். பிற்பகலில் இறங்கி மாலையில் பேருந்து ஏறினால் கெபியைப் பார்த்தோம், தண்ணீர் பிடித்தோம், கடைத்தெருவில் ஜெபமாலை வாங்கினோம் என்று முடிந்துவிடும். லூர்தில் முக்கியமானதெல்லாம் மாலை 5 மணிக்கு மேல்தான் நடக்கிறது.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தினமும் மாலை 5 மணிக்கு நற்கருணைப் பவனி (திருப்பலியில் அர்ப்பணித்த அப்பத்தை ஏந்திச் செல்வது). அதன் முடிவில் நோயாளிகளை ஆசீர்வதிப்பார்கள். இரவு 9 மணிக்கு மெழுகுவர்த்திப் பவனி. கையில் பிடிக்கும் மெழுகுவர்த்தியும் அதைச் சுற்றிச் செருகும் காகிதக் கூண்டும் கடைகளில் கிடைக்கும். பாட்டு வரிகள் அந்தக் கூண்டிலேயே அச்சாகியிருக்கும். 'ஆவே, ஆவே' என்று பல்லவி வரும்போது எல்லோரும் மெழுகுவர்த்தியை உயர்த்துவார்கள். கூண்டு இல்லாமல் வெறும் மெழுகுவர்த்தியோடு போனால் ஆற்றுக் காற்றில் நாலு முறை அணையும், உருகிய மெழுகு கையில் சொட்டும். சில காசுகள்தான், வாங்கிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள்தான் முதலில் போவார்கள், நடக்கிறவர்கள் அவர்களுக்குப் பின்னால். ஊர் பெரியவர், குழுத் தலைவர் என்று யாரும் முன்னே போய் நிற்க முடியாது.

ஞாயிறு, புதன் காலை 9.30-க்கு, பூமிக்கடியில் கட்டியிருக்கும் பத்தாம் பயஸ் பேராலயத்தில் பல மொழிகளில் திருப்பலி நடக்கும். அந்த இரண்டு நாளில் ஒன்று உங்கள் பயணத்தில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் என்று கேட்டால் மே கடைசி அல்லது செப்டம்பர். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருப்பயணம் வருவதால் அறை கிடைப்பது கடினம், கெபி வரிசையும் நீளும். அக்டோபர் தொடக்கத்தில் ஜெபமாலைத் திருப்பயணக் கூட்டம் வரும். ஜூன், ஜூலையில் இன்னொரு விஷயம் உண்டு: அங்கே அப்போது சூரியன் மறையவே இரவு 9.30-க்கு மேல் ஆகும். பவனி புறப்படும்போது பகல் வெளிச்சம் இருக்கும், மெழுகுவர்த்தி எடுபடாது. செப்டம்பரில் 9 மணிக்கு நன்றாக இருட்டிவிடும். குளிர்காலத்தில் பவனி ஒழுங்கு மாறிவிடும், பாதி விடுதிகளும் மூடியிருக்கும். ஆனால் பிப்ரவரி 11 திருநாளுக்கு மட்டும் கூட்டம் உண்டு. எந்த மாதமானாலும் மழைக்கோட்டு கட்டாயம். மலையடிவாரம் ஆதலால் கோடையிலும் திடீரென்று கொட்டும், ராத்திரி குளிரும்.

பெர்னதெத் அம்மாளின் அழியாத உடல் லூர்துக் கோயிலில் எந்தப் பக்கம் இருக்கிறது?
— வாசகர், பாளையங்கோட்டை

லூர்திலேயே இல்லை. நெவேர் என்ற ஊரில், அவர் கன்னியராக வாழ்ந்த மடத்துச் சிற்றாலயத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. 1866-இல் லூர்தை விட்டு அங்கே போனவர் பிறகு திரும்பவே இல்லை. 1879 ஏப்ரல் 16 அன்று 35 வயதில் அங்கேயே இறந்தார். 1933-இல் புனிதரானார். நெவேர் பாரிஸுக்குத் தெற்கே சுமார் 250 கிலோமீட்டர், லூர்து நாட்டின் மறுகோடி. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

லூர்தில் பார்க்க வேண்டியவை அவர் பிறந்த, 'போலி' (Boly) என்ற பெயருடைய ஆலைவீடும், காட்சி கண்ட காலத்தில் குடும்பமே ஒண்டியிருந்த 'கஷோ' என்ற ஒற்றை அறையும். ஆலைத் தொழில் நொடித்துப் போய் அவர்கள் வந்து சேர்ந்த அந்த அறை பழைய சிறைக்கொட்டடி. கெபியைப் பார்த்த பலர் இதைப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். திருத்தல வளாகத்துக்கு வெளியே, நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது.

லூர்துக் குளத்தில் முழுகினால் நல்லது என்கிறார்கள். பெண்களுக்குத் தனியிடம் உண்டா? உடை எப்படி? எனக்கு ஆஸ்துமா உண்டு, பயமாக இருக்கிறது.
— வாசகி, திண்டுக்கல்

குளம் என்றதும் மாதா குளத்தையோ தெப்பக்குளத்தையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். கட்டடத்துக்குள் ஒவ்வொருவராக இறங்கும் கல்தொட்டிகள் அவை. மொத்தம் 17. அதில் பெண்களுக்கு 11, ஆண்களுக்கு 6. நுழைவாயிலே தனித்தனி.

முழுக்கு இப்படி நடக்கும். திரை மறைவில் உடைகளைக் களைந்ததும் உதவிப் பெண்கள் ஒரு போர்வைத்துணியால் உங்களை மூடிவிடுவார்கள். உங்கள் முறை வந்ததும் போர்வையை எடுத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த வெள்ளைத்துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். எந்த நேரத்திலும் உடம்பு வெளியே தெரியாது. அதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். தொட்டியின் படியில் நின்று உங்கள் கருத்தை மனத்துக்குள் சொல்லி, சிலுவை அடையாளம் போட்டு, இருபுறமும் இருவர் பிடிக்க, தண்ணீருக்குள் சில அடி நடக்க வேண்டும். எதிர்முனையில் சின்ன மாதா சுரூபம் இருக்கும். அங்கே உட்காருவதுபோல் பின்பக்கம் சாய்த்துக் கழுத்துவரை நனைத்து எழுப்பிவிடுவார்கள். தலை நனையாது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். துவட்டத் துண்டு தரமாட்டார்கள், ஈரத்தோடேயே உடுத்திக்கொள்வதுதான் அங்கே வழக்கம்.

தண்ணீர் சுமார் 12 டிகிரி. நம் ஊர் மார்கழிக் கிணற்று நீரைவிட எவ்வளவோ சில்லென்று இருக்கும், இறங்கியதும் மூச்சு பிடிக்கும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, அண்மையில் அறுவைச் சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

நீங்கள் இறங்கியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. கோவிட் காலத்தில் முழுக்கை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். உதவியாளர் குவளையிலிருந்து உங்கள் உள்ளங்கையில் தண்ணீர் வார்ப்பார். முதலில் கை கழுவி, அடுத்து முகம் கழுவி, பிறகு அதே கையால் ஏந்திக் குடிக்க வேண்டும். 1858 பிப்ரவரி 25 அன்று மாதா பெர்னதெத்திடம் சொன்னதும் ஊற்றில் போய்க் குடி, அங்கே கழுவு என்பதுதான். எனவே இது குறைந்த வகை அல்ல. உங்களுக்கு இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. முழுக்கு எந்த நாளில், எத்தனை பேருக்கு என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. போகிற வாரத்தில் திருத்தலத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். எதற்கும் கட்டணம் கிடையாது.

லூர்துத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவருவது எப்படி? போன தடவை எங்கள் பங்கிலிருந்து போனவரிடம் விமான நிலையத்தில் ஐந்து பாட்டிலையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.
— வாசகர், மணப்பாறை

கைப்பையில் வைத்திருப்பார். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட எந்தத் திரவப் பாட்டிலையும் விடமாட்டார்கள், தீர்த்தமானாலும் சரி. பதிவு செய்து அனுப்பும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும்.

கடைத்தெருவில் மாதா உருவத்தில், நீலக் கிரீடமே மூடியாக இருக்கும் பிளாஸ்டிக் குப்பிகள் விற்கும். பார்க்க அழகாக இருக்கும், பேழையில் வைக்கலாம். அதில் தண்ணீர் நிரப்பிப் பெட்டிக்குள் போட்டால் துணியெல்லாம் நனையும். மூடியின் மரை அவ்வளவு ஆழமில்லை. கனமான, அகன்ற திருகுமூடி உள்ள ஒரு லிட்டர் கேன்தான் சரி. கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை விட்டு நிரப்பி மூடுங்கள். மூடியின் மேல் ஒட்டுநாடா சுற்றி, கேனைத் தலைகீழாக ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். கசிவில்லை என்றால் இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதையும் மறக்க வேண்டாம். ஊருக்கே கொண்டுவருகிறேன் என்று பத்து லிட்டர் பிடித்தால் கூடுதல் எடைக்குக் கட்டுகிற பணம் வலிக்கும். இரண்டு லிட்டரைக் கொண்டுவந்து சின்னக் குப்பிகளில் பகிர்ந்தால் ஒரு அன்பியத்துக்கே (பங்கிலுள்ள சிறு குழு) போதும்.

குழாய்கள் கெபிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊற்றுக்கண் கெபியின் உள்ளே, கண்ணாடிக்குக் கீழே தெரியும். தண்ணீர் இலவசம். விலைக்கு விற்பவர் யாராக இருந்தாலும் அவர் விற்பது பாட்டிலைத்தான்.

வீட்டில் வெயில் படும் ஜன்னலில் வைத்தால் கொஞ்ச நாளில் பச்சைப் பாசி பிடிக்கும். அதனால் ஒன்றும் குறைவில்லை, எந்த ஊற்று நீரும் அப்படித்தான். 1858-லேயே துலூஸ் பேராசிரியர் ஃபிலோல் சோதித்து, மருந்துச் சத்து எதுவும் இல்லாத சாதாரணக் குடிநீர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். திருச்சபையும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எனவே நிழலில் வையுங்கள். மாதக்கணக்கில் வைத்த நீரைக் கைக்குழந்தைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கும் குடிக்கக் கொடுக்க வேண்டாம். நெற்றியில் தொட்டு வையுங்கள், அது போதும்.

பாரிஸில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து நிற்கிறா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இயலாது. தனியாகக் கூட்டிக்கொண்டு போகலாமா, அல்லது குழுவோடுதான் போக வேண்டுமா?
— வாசகர், பாரிஸ்

தாராளமாகத் தனியாகப் போகலாம். இயலாதவர்களுக்கென்றே உருவான ஊர் அது. மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரம் போல ஆகும். ஏற்றி இறக்க உதவி வேண்டுமென்று குறைந்தது இரண்டு நாள் முன்னதாகப் பதிந்துவிடுங்கள். அன்றைக்கு நிலையத்தில் போய்க் கேட்டால் ஆள் கிடைப்பது நிச்சயமில்லை. லூர்து நிலையத்திலிருந்து திருத்தலம் போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏற நினைக்காதீர்கள், வாடகை வண்டி பிடியுங்கள். விடுதி எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் வளாக வாசலுக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில் உள்ள தெருவாகப் பாருங்கள். மின்தூக்கிக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பழைய விடுதிகளில் மின்தூக்கி மிகச் சிறியது.

வளாகத்துக்குப் போகும் தெருக்களில் சிவப்புப் பட்டை போட்ட தடம் தெரியும். அது நோயாளி வண்டிகளுக்கு. மேலே நீலக் குடைச்சீலை போட்ட மூன்று சக்கர வண்டிகளில் ஒருவர் முன்னால் இழுக்க, ஒருவர் பின்னால் தள்ள, வரிசையாகப் போவதைப் பார்ப்பீர்கள். கெபிக்குள் நாற்காலியோடு போகலாம், பாறையைக் கையால் தொடலாம். மலைமேல் உள்ள சிலுவைப்பாதைக்கு மட்டும் அம்மாவை ஏற்ற வேண்டாம். 115 வார்ப்பிரும்பு உருவங்களோடு பிரமாதமாக இருக்கும், ஆனால் ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்துப் பாதை. இயலாதவர்களுக்காக ஆற்றங்கரைப் புல்வெளியில் சமதரையிலேயே வெள்ளைப் பளிங்கில் இன்னொரு சிலுவைப்பாதை இருக்கிறது.

மருந்துகளை மூலப்பெயரோடு (generic name) எழுதிய மருத்துவர் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். பணம் உண்மையிலேயே இல்லாதவர்களுக்கு 1955-இல் தொடங்கிய 'சித்தே சேன் பியேர்' என்ற தங்குமிடம் மேட்டுப்பகுதியில் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பாரிஸிலிருந்து தமிழர்கள் பேருந்து எடுத்துப் போகும் பயணங்களும் உண்டு. கூட்டத்தோடு போனால் தள்ள ஆள் கிடைக்கும். ஆனால் அம்மாவுக்குக் கழிப்பறைக்காக அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தால் நீண்ட பேருந்துப் பயணத்தைவிட ரயில்தான் நல்லது.

ஆயிரக்கணக்கானோர் குணமடைந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் புதுமை (அற்புதம்) என்று திருச்சபை ஏற்றவை நூறுகூட இல்லையாமே? ஏன்?
— வாசகர், நாகர்கோவில்

2025 வரை ஏற்கப்பட்டவை 72. பதிவானவையோ 7,000-க்கும் மேல். இவ்வளவு வடிகட்டுவதற்குக் காரணம் அங்கே இரண்டு தனித்தனி முடிவுகள் தேவைப்படுவதுதான்.

முதல் முடிவு மருத்துவர்களுடையது. 1883-லிருந்து லூர்தில் ஒரு மருத்துவப் பதிவகம் இயங்குகிறது. குணமானேன் என்று ஒருவர் வந்து சொன்னால், நோய் கடுமையானதா, முன்பே சோதனைகளால் உறுதியானதா, திடீரெனக் குணமானதா, முழுமையாகக் குணமானதா, நிலைத்ததா, எடுத்த சிகிச்சையால் ஆகியிருக்க முடியாதா என்று பார்ப்பார்கள். பிற்காலத்தில் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசரான லம்பெர்த்தினி 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல்கள் இவை. அன்று லூர்தில் இருக்கும் எந்த மருத்துவரும், எந்த மதத்தவரானாலும், விசாரணையில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். பிறகு பல ஆண்டுகள் அந்த ஆளைத் தொடர்ந்து கவனித்து, கோப்பு பன்னாட்டு மருத்துவக் குழுவுக்குப் போகும். அந்தக் குழு 'புதுமை' என்று சொல்லாது. 'இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். புதுமை என்று அறிவிப்பவர் குணமடைந்தவருடைய சொந்த மறைமாவட்ட ஆயர். அவர் அறிவிக்காமலும் இருந்துவிடலாம்.

பெரும்பாலான கோப்புகள் விழுவது முதல் படியிலேயே. முன்பு நோய் இருந்ததற்கான தாள்கள் இருக்காது, அல்லது சிகிச்சையும் கூடவே நடந்திருக்கும். ஏற்கப்பட்டவையும் அவசரமாக ஏற்கப்படவில்லை. 70-ஆவது, அருட்சகோதரி பெர்னதெத் மோரியோ 2008-இல் குணமடைந்தது. 2018-இல் அறிவித்தார்கள். 71-ஆவது இன்னும் விசித்திரம்: முதல் உலகப்போரில் காயம்பட்ட லிவர்பூல்காரர் ஜான் டிரெய்னர் குணமடைந்தது 1923-இல், அறிவிப்பு வந்தது 2024 டிசம்பரில். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கரேல் 1902-இல் கண்ணெதிரே பார்த்து வியந்த மரி பாயி என்ற பெண்ணின் குணமடைதல் இன்றுவரை அந்தப் பட்டியலில் இல்லை. ஒருவரை அழைத்துப் போகும்போது 'நிச்சயம் நடந்துவிடும்' என்று வாக்குக் கொடுத்து அழைத்துப் போகாதீர்கள். திரும்பி வந்தபின் அந்த நோயாளி தன் விசுவாசம் போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார்.

எங்கள் கிளைக்கிராமத்தில் லூர்து கெபி கட்டப்போகிறோம். அசல் எப்படி இருக்கும்? அளவு, நிறம் சொல்லுங்கள்.
— இளைஞர் குழு, தேவகோட்டை அருகே

அசல் கெபி ஏறக்குறைய 3.8 மீட்டர் உயரம், 9.5 மீட்டர் ஆழம், 9.85 மீட்டர் அகலம். நம் ஊரில் கட்டுபவை பெரும்பாலும் ஆழமே இல்லாமல் சுவரில் ஒட்டிய பாறை மாதிரி ஆகிவிடுகின்றன. முழு அளவு வேண்டாம், விகிதத்தைக் காப்பாற்றுங்கள்: உயரத்தைப்போல இரண்டரை மடங்கு அகலம். சுரூபம் கெபியின் நடுவில் வராது. நாம் எதிரே நின்று பார்த்தால் வலப்பக்கம், மேலே தனியாக உள்ள மாடத்தில் இருக்கும்.

சுரூபத்தில் வருகிற தவறுகள் வழக்கமானவை. வெள்ளை அங்கி, வெள்ளை முக்காடு, இடையில் நீலக் கச்சை, கையில் ஜெபமாலை, இரு பாதங்களிலும் ஒவ்வொரு பொன்னிற ரோஜா. அவ்வளவுதான். நீலப் போர்வை கிடையாது, கையில் குழந்தை இயேசு கிடையாது, கெபிச் சுரூபத்துக்குக் கிரீடமும் கிடையாது. முடிசூட்டிய மாதா லூர்தில் வேறு இடத்தில், திறந்த மைதானத்தில் நிற்கிறார். 1864-இல் சிற்பி ஃபபிஷ் செய்த இந்தப் பளிங்குச் சுரூபம் பெர்னதெத்துக்கே திருப்தி தரவில்லை. தான் கண்டவர் இவ்வளவு பெரியவராக இல்லை என்பது அவர் குறை. எனவே பெரிதாக வைத்தால்தான் அழகு என்று நினைக்க வேண்டாம். மாதா தாம் யாரென்று சொன்ன வாக்கைப் பீடத்தில் பெர்னதெத் பேசிய வட்டார மொழியில் பொறித்திருக்கிறார்கள். அதை நீங்கள் தமிழில் 'நாமே அமல உற்பவம்' (பாவமின்றி உருவானவர்) என்றே எழுதலாம்.

மெழுகுவர்த்தித் தட்டைக் கெபிக்குள் வைக்காதீர்கள். இரண்டு வருடத்தில் கூரை கரியாகிவிடும், பிறகு வருடா வருடம் வெள்ளையடிப்பீர்கள், பாறையின் தோற்றமே போய்விடும். லூர்திலேயே மெழுகுவர்த்திகளை ஆற்றின் மறுகரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பத்தடி தள்ளித் தனிக் கொட்டகை போடுங்கள். தண்ணீர் வடிய வழியும் விடுங்கள். கெபிக்கு முன்னால் ஓடும் காவ் ஆறு 2013 ஜூனில் பெருகியபோது அசல் கெபியே ஒரு மீட்டருக்கு மேல் மூழ்கியது.

வேளாங்கண்ணிக் கோயிலும் லூர்துக் கோயிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவே, யாரைப் பார்த்து யார் கட்டியது?
— வாசகி, நாகப்பட்டினம்

வேளாங்கண்ணியில் பின்பக்கம் 1970-களில் எழுந்த இரண்டடுக்கு விரிவாக்கம்தான் லூர்தைப் பார்த்துக் கட்டியது. லூர்தில் 'மேல் பேராலயம்' எனப்படும் கோயில் 1871-லேயே திறந்துவிட்டது. இன்னொரு தொடர்பும் உண்டு. பத்தாம் பயஸ் நிலத்தடிப் பேராலயத்தை 1958 மார்ச் 25 அன்று அபிஷேகம் செய்தவர் கர்தினால் ரொன்கல்லி. அதே ஆண்டில் 23-ஆம் ஜான் என்ற பாப்பரசராகி, 1962-இல் வேளாங்கண்ணிக்குப் பசிலிக்கா தகுதி கொடுத்தவரும் அவரே.

நாங்கள் இந்துக்கள். உள்ளே விடுவார்களா? விசா, சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்.
— வாசகர், கோவை

யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், நுழைவுக் கட்டணமும் இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும், சேலையும் வேட்டியும் தாராளமாகப் பொருந்தும். பவனியில் நடக்கலாம், தண்ணீர் பிடிக்கலாம், மெழுகுவர்த்தி வைக்கலாம். திருப்பலியில் நற்கருணை வாங்க மட்டும் வரிசையில் போகாதீர்கள், அது கத்தோலிக்கருக்கு. கெபிக்கு முன்னால் பேச்சு கூடாது. கைப்பேசியை அணைத்துவிடுங்கள்.

ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் பதினைந்து நாள் முன்பு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வயதானவர்களுக்கு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் செல்லுமா என்று படித்துப் பாருங்கள், பெரும்பாலும் செல்லாது.

விடுதிகளில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு அறை தருவார்கள். இரவுச் சாப்பாடு 7 மணிக்கே, பவனிக்குப் போக வசதியாக. சைவம் என்று அறை பதியும்போதே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் முட்டை அடையும் பாலாடைக்கட்டியும்தான் வரும். அறையில் மின்சார அடுப்பு வைத்துச் சோறு வடிக்க அனுமதி இல்லை, புகை எச்சரிக்கை மணி அடித்து விடுதியே எழுந்துவிடும். புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் பதிவுப் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள்.